இடது மரை

நீடாமங்கலம்,
வைகாசிக் கடைசி.

மாப்பிள்ளை,

நலம்தானே? பதில் போடத் தாமதமானதற்குக் கோபிக்காதே. ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்கள், இங்கே ஆறு பிரிகிற மூணாறு தலைப்புக்குத் தண்ணீர் வருவதற்குள் உழவை ஆரம்பிக்க வேண்டும் என்று, வருஷம் பூராவும் மாட்டுக் கொட்டகையில் கிடந்த பவர் டில்லர்கள் எல்லாம் ஒரே வாரத்தில் பட்டறை வாசலுக்கு வந்துவிட்டன. ஆள் போதாமல் ஐ.டி.ஐ. முடித்த பையன் ஒருவனைச் சேர்த்தேன். அவன் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நல்ல பையன்தான். ஆனால் எந்தச் சாமானும் அவன் கைக்குப் போனால் வேறு வேலைக்கு மாறிவிடும். கியரை நெம்ப அரத்தைக் கொடுத்தான், அது இரண்டாக முறிந்தது. 16-17 ஸ்பேனரால் அடித்துக்கொண்டிருந்தவனிடம் சுத்தியல் எங்கே என்று கேட்டால், கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறானாம். ஒரு நாள் ஹாக்சா பிளேடைப் பல் தன் பக்கம் பார்க்க மாட்டி, ஒரு போல்ட்டை அரைமணி நேரம் தடவிக்கொண்டிருந்தான். "இரும்பு ரொம்ப ஸ்ட்ராங்குண்ணே" என்று என்னிடமே புகார்.

நம்மை ரசமட்டக் கண்ணாடிக்குள் ஓடுகிற காற்றுக் குமிழியை வாங்கிவர அனுப்பினார்களே, ஞாபகம் இருக்கிறதா? கும்பகோணம் கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்கினோம். கடைசிக் கடைக்காரர் "சின்னக் குமிழியா, பெருசா?" என்று கேட்க, நீ அளவு கேட்டுவரச் சைக்கிளைத் திருப்பினாய்! அந்தப் புத்தி என்னை விடுமா? இவனை இடது கை ஸ்க்ரூ டிரைவர் வாங்கிவர அனுப்பினேன். இங்கே கடைக்காரர் நம்ம ஆள். சிரிக்காமல், "ஸ்டாக் இல்லை, மன்னார்குடியில் கிடைக்கும்" என்றிருக்கிறார். பையன் பஸ் ஏறிவிட்டான். சாயங்காலம் திரும்பியபோது பட்டறையே சிரித்தது. அவன் இரண்டு டிக்கெட்டையும் மேஜையில் வைத்து, "காசு" என்றான், அவ்வளவுதான்.

மறுநாள் சாணை பிடிக்கிற கிரைண்டரில் இடப்பக்கக் கல்லை மாற்ற வேண்டியிருந்தது. "தம்பி, இந்தப் பக்கம் இடது மரை. வலப்பக்கம் சுற்றினால்தான் நட் கழலும்" என்றேன். அவன் ஒரு சிரிப்புச் சிரித்தான் பார்! "சரிண்ணே" என்றான். நான் டீ குடிக்கப் போனேன்.

வந்து பார்த்தால், ஸ்பேனரில் மூன்றடி பைப்பைச் செருகி, கல் சுற்றாமல் கட்டை கொடுத்து (அதற்கு மட்டும் மூளை), வழக்கமான பக்கமே தொங்கி இழுத்திருக்கிறான். மரை மொத்தமும் வழித்துக்கொண்டு வந்துவிட்டது. "நேத்து இடது கை ஸ்க்ரூ டிரைவர், இன்னைக்கு இடது மரை. மறுபடி ஏமாறுவேனாண்ணே?" என்கிறான். மரை கழன்றவன் யார் என்று நீயே சொல்.

சுற்றுகிற சுற்றில் நட் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்றுதான் அந்தப் பக்கம் மட்டும் மரையை மாற்றி வெட்டியிருக்கிறார்கள் என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டு, செல்போனில் பார்த்த பிறகுதான் நம்பினான். திட்டவில்லை, எந்த வாயால் திட்டுவது? ஷாஃப்ட் தஞ்சாவூர் லேத்துக்குப் போயிருக்கிறது, செலவு என் தலையில். நேற்று கிரீஸ் வாங்கிவரச் சொன்னால், "நிஜ கிரீஸ்தானேண்ணே?" என்கிறான்.

அப்புறம், உன்னிடம் இடது மரை வெட்டுகிற டை ஒன்று இருந்ததே, இன்னும் இருக்கிறதா? வரும்போது எடுத்து வா. அதை வாங்கிவரப் பையனையே பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்புகிறேன். வருகிறானா பார்ப்போம்.

உன்
குமிழிக் கூட்டாளி