எரிமலையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்

தொடக்க வகுப்புகளுக்கு அறிவியல் செயல்பாடுகளை வகுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம்.

'செய்து கற்றல்' என்று தலைப்பிட்ட பல செயல்பாடுகளை வகுப்பில் செய்பவர் ஆசிரியர்தான். சமையல் சோடாவில் வினிகரை ஊற்றுகிறார், நுரை பொங்குகிறது, பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. இந்த 'எரிமலை' பள்ளி விழாவுக்கு நன்றாகத்தான் இருக்கும். வகுப்புக்கு வேண்டியது வேறு. பிள்ளையே ஒன்றை மாற்ற வேண்டும், விளைவை அங்கேயே பார்க்க வேண்டும், உடனே இன்னொரு முறை மாற்ற முடிய வேண்டும்.

மிதப்பதையும் மூழ்குவதையும் எடுத்துக்கொள்ளுங்கள். பொருள்களை இரண்டு வகையாகப் பிரித்து அட்டவணை போட்டதோடு அந்தப் பாடம் நின்றுவிடுகிறது. 'கனமானது மூழ்கும்' என்ற எண்ணம் அப்படியே தங்கிவிடும். நான்கு பேருக்கு ஓர் அகலமான தொட்டி, அதில் 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர், ஆளுக்கு 50 கிராம் மாடலிங் களிமண் கொடுங்கள். உருண்டையாகப் போட்டால் மூழ்கும். அதையே கிண்ணமாக வனைந்து வைத்தால் மிதக்கும். 50 கிராம் மிதக்க 50 மில்லிலிட்டர் தண்ணீர் விலக வேண்டும், உருண்டைக்கு அவ்வளவு கன அளவு இல்லை. (இந்த விளக்கம் ஆசிரியர் கையேட்டுக்கு மட்டும்.)

களிமண் எண்ணெய் கலந்ததாக இருக்கட்டும். சாதாரண மண் கரைந்து தண்ணீரைக் கலக்கிவிடும். நுரைபோல லேசான வகையை வாங்கினால் உருண்டையே மிதந்து பாடம் கவிழ்ந்துவிடும், ஆகவே முன்கூட்டியே ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள். பிள்ளைகளின் கிண்ணம் மூழ்குவதற்குப் பெரும்பாலும் அடி தடித்திருப்பது, ஒரு பக்கச் சுவர் தாழ்ந்திருப்பது, விளிம்பில் விரிசல் ஆகிய மூன்றில் ஒன்றே காரணம். ஆசிரியர் கை வைத்துச் சரிசெய்யக் கூடாது. 'தண்ணீர் எந்த வழியாக உள்ளே வந்தது?' என்று கேட்டால் போதும், விரிசலைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். ஐந்து வயதில் 'ஏன்?' என்ற கேள்விக்குக் கதைதான் பதிலாக வரும். 'இப்படி மாற்றினால் என்ன ஆகும்?' என்றால் கை வேலை செய்யத் தொடங்கும்.

சரிவுப் பலகைக்கும் இதே முறைதான். ஒரு மீட்டர் பலகையின் ஒரு முனையை 10 செ.மீ. உயர்த்துங்கள். 30 செ.மீ. ஆக்கினால் பந்து அடியில் துள்ளித் திசைமாறும். பலகையும் தரையும் சேரும் இடத்தில் ஓர் அட்டையை ஒட்டிவிட்டால் தடங்கல் இருக்காது. பிள்ளைகள் பந்தை விடுவதற்குப் பதில் தள்ளிவிடுவார்கள், அப்போது ஒப்பீடே கெடும். அளவுகோலைக் குறுக்கே மதகுபோல் வைத்து, நேராக மேலே தூக்கச் சொல்லுங்கள். பிறகு தரையை மட்டும் மாற்றலாம்: வெறும் தரை, பாய், துண்டு. பந்து ஓடிய தூரத்துக்கு நூலை வெட்டிச் சுவரில் வரிசையாக ஒட்டினால், எண் தெரியாத பிள்ளைக்கும் எது நீளம் என்று தெரியும்.

நேரம் பற்றி ஒரு கோரிக்கை. முதல் பத்து நிமிடம் பிள்ளைகள் தண்ணீரை அளைவார்கள். அதைத் தடுக்காதீர்கள், அது தீர்ந்த பிறகுதான் கவனம் பொருளின் மேல் திரும்பும். எடுத்து வைக்கவும் துடைக்கவும் நேரம் வேண்டும். 40 நிமிடப் பாடவேளையில் இது அடங்காது. வாரத்தில் ஒரு நாள் இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துக் கொடுங்கள், செயல்பாடுகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள்.

பொருள் பட்டியலில் சிறிய, வலுவான காந்தங்களும் பொத்தான் மின்கலங்களும் இருக்கவே கூடாது. இரண்டு காந்தங்களை விழுங்கினால் குடல் சுவர்களுக்கு இடையே அவை ஒட்டிக்கொண்டு ஓட்டையே விழலாம். மின்கலம் உணவுக்குழாயை அரித்துவிடும். காந்த விளையாட்டுக்கு வாயில் நுழையாத பெரிய காந்தங்களே வேண்டும். பட்டியலில் பழைய துண்டுகளைச் சேருங்கள், ஈரத் தரையில் வழுக்கி விழுவதுதான் அடிக்கடி நடப்பது. விளையாட்டு முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்ற வரியும் கையேட்டில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தொடக்க வகுப்பு அறிவியல் ஆசிரியர்கள்