ஸ்காபரோ மேடையில் எந்த உடன்படிக்கை?

ஆசிரியருக்கு,

ரொறன்ரோ மாநகர சபையின் நில ஒப்புகை உரையை (நாம் கூடியிருக்கும் நிலம் எந்த முதற்குடி மக்களுடையது என்று ஒப்புக்கொள்ளும் உரையை)த் தமிழ் விழாக்களிலும் வாசிக்க வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். தாராளமாக வாசிக்கலாம். ஆனால் சபையின் உரையை அப்படியே பிரதி எடுத்து ஸ்காபரோ மண்டபத்தில் வாசிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

சபையின் உரை சிறியது. முதலில் கிரெடிட் மிசிசாகா, அனிஷினாபே, சிப்பேவா, ஹோடெனோஷோனி, வென்டாட் ஆகிய மக்களைப் பெயர் சொல்லி, இன்று இங்கு வாழும் முதற்குடிகள், இனுவிட், மெற்றி மக்களையும் சேர்த்துக்கொள்கிறது. அடுத்து, இந்த நிலம் பற்றி முதற்குடிகளுடன் அரசு செய்த 13ஆம் இலக்க உடன்படிக்கையும் வில்லியம்ஸ் உடன்படிக்கைகளும் வருகின்றன. முழு மாநகருக்கும் பொதுவாக எழுதியதால் இரண்டும் வேண்டியிருக்கிறது. 13ஆம் இலக்கத்தின் நிலம் மேற்கே எற்றோபிக்கோ ஓடையில் தொடங்கி, கிழக்கே ஆஷ்பிரிட்ஜ் குடாப் பக்கத்தில் முடிந்துவிடும். நமது விழாக்கள் பெரும்பாலும் நடக்கும் ஸ்காபரோ அதற்கும் கிழக்கே இருக்கிறது. அங்கே முதலில் சொல்ல வேண்டியது 1923இன் வில்லியம்ஸ் உடன்படிக்கைகளை. நேரம் போதாதென்று ஒன்றை வெட்டுகிறவர்கள் வழக்கமாக இதைத்தான் வெட்டுகிறார்கள்.

இனித் தமிழ்ச் சொற்கள். 'நில அங்கீகாரம்' என்றால் நாம் ஏதோ அனுமதி கொடுப்பதுபோல ஆகிவிடும். 'ஏற்புரை' என்றாலோ விருது வாங்கியவர் பேச எழும்புகிறார் என்று கூட்டம் நினைக்கும். 'ஒப்புகை' பொருந்துகிறது, ஒப்புக்கொள்வதுதானே காரியம். 'செவ்விந்தியர்' வேண்டவே வேண்டாம். கிரெடிட் என்பது ஆற்றின் பெயர். எந்திர மொழிபெயர்ப்பை நம்பினால் 'கடன் மிசிசாகா' என்று வந்து நிற்கும். (உரோமத்துக்கு முற்பணமாக வணிகர்கள் கடனுக்குப் பொருள் கொடுத்ததால்தான் ஆற்றுக்கு அந்தப் பெயர் வந்தது என்பது வேறு கதை.) 'மிசிசாகா' என்று மட்டும் சொன்னால் பக்கத்து நகரத்தைச் சொல்வதாகவே கேட்பவர்களுக்குப் படும். 'மிசிசாகா மக்கள்' என்று சொல்லிவிட்டால் குழப்பம் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பிழையான சொல் 'கையளித்த'. 'மிசிசாகா மக்கள் கையளித்த நிலம்' என்று எழுதுவதற்கு முன் பத்திரத்தைப் பார்க்க வேண்டும். 1787இல் குவின்ரே குடாக் கரையில் பிரித்தானிய அதிகாரிகள் மிசிசாகாத் தலைவர்களைச் சந்தித்தார்கள். சில வருடங்கள் கழித்து அந்தக் காணி உறுதியை எடுத்துப் பார்த்தால், நில விபரம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. தலைவர்களின் குலச் சின்னங்கள் வேறு கடதாசித் துண்டுகளில் வரையப்பட்டு அதில் ஒட்டப்பட்டிருந்தன. எங்கள் ஊர் நொத்தாரிசு எவரும் அப்படியொரு காணி உறுதியைக் கையால் தொடமாட்டார். 1805இல் 10 சிலிங் கொடுத்து அதைச் சரிக்கட்டினார்கள். அதுதான் 13ஆம் இலக்கம். ஏறக்குறைய இரண்டரை இலட்சம் ஏக்கர். இது பற்றி மிசிசாகா மக்கள் எழுப்பிய உரிமைக் கோரிக்கை 2010இல்தான், கனடா அரசு 14.5 கோடி டொலர் கொடுத்ததுடன் தீர்ந்தது.

வில்லியம்ஸ் கதையும் இதே இனம்தான். ஏழு முதற்குடிகள் கையெழுத்திட்டார்கள். தங்கள் பழைய நிலங்களில் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் இருந்த உரிமை அத்தோடு போய்விட்டதென்றே அரசுகள் பல தசாப்தங்களாக நடந்துகொண்டன. அந்த உரிமையை ஏற்று, மன்னிப்புக் கேட்டு, 111 கோடி டொலருக்கு இணங்கியது 2018இல். ஆகவே 'உடன்படிக்கைக்கு உட்பட்ட நிலம்' என்று சொன்னால் போதும். 'கொடுத்த', 'விட்டுக்கொடுத்த', 'விற்ற' எதுவும் வேண்டாம்.

யார் வாசிப்பது? விழா நடத்துகிற சங்கத்தவரே வாசிக்க வேண்டும். முதற்குடிப் பெரியவரை அழைத்து இதை வாசிக்கச் சொல்வது, வீட்டுக்காரரைக் கூப்பிட்டு "இது உங்கள் வீடு" என்று அவர் வாயாலேயே சொல்ல வைப்பதுபோல. அவர் வந்தால் வரவேற்பு வழங்குவார், ஒப்புகை நம்முடையது. நாட்டுப்பண்ணுக்கு முன்பாக, ஆனால் சனம் கதிரையில் இருந்து அடங்கிய பிறகு வாசிப்பது நல்லது. பெயர்களை முதல் நாளே வாய்விட்டுப் பழகினால் ஒரு நிமிடம் தாராளம். அறிவிப்பாளரிடம் கடைசி நேரத்தில் தாளை நீட்டினால் 'ஹோடெனோஷோனி'யில் தடுக்கி விழுவார். அப்போது ரயர்சன் என்ற பெயரில் இருந்த ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்கு இப்படியொரு உரையை எழுதிக் கொடுத்த அனிஷினாபே எழுத்தாளர் ஹெய்டன் கிங், அதை எழுதியதற்காக 2019இல் வெளிப்படையாகவே வருந்தினார். வெறும் வாசிப்புச் சடங்காகிவிட்டது என்பதே அவருடைய குறை.

ஸ்காபரோவுக்கு இப்படிச் சொல்லலாம்: "நாம் கூடியிருக்கும் இந்த நிலம் அனிஷினாபே, மிசிசாகா, சிப்பேவா, ஹோடெனோஷோனி, வென்டாட் மக்களின் பாரம்பரிய நிலம். மிசிசாகா, சிப்பேவா மக்களுடன் 1923இல் செய்யப்பட்ட வில்லியம்ஸ் உடன்படிக்கைகளுக்கு உட்பட்டது. அந்த உடன்படிக்கைகள் நம்மையும் கட்டுப்படுத்தும் என்பதை ஒப்புக்கொள்கிறோம்."

வென்டாட் மக்கள் இந்த உடன்படிக்கைகள் எதிலும் கையெழுத்திடவில்லையே, அவர்களை எடுத்துவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. போராலும் நோயாலும் 1650 அளவில் அவர்கள் ஒன்ராறியோவிலிருந்து சிதறிப்போனார்கள். ஒரு பகுதியினரின் சந்ததி இன்று கியூபெக் நகருக்கு அருகே வாழ்கிறது. ஸ்காபரோவில் லோரன்ஸ், பெலமி வீதிகளுக்குப் பக்கத்தில் ரேபர் ஹில் என்று ஒரு புல் மேடு இருக்கிறது. 1956இல் அங்கே மண் அள்ளியபோது அவர்களின் மூதாதையர் நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் வெளிப்பட்டன. திரும்பவும் அங்கேயே அடக்கம் செய்தார்கள். சுற்றிலும் வீடுகள், பல நம்மவர்களுடையவை.

வாசகர்,
ஸ்காபரோ