குட்டி கேமிங் கணினி நம் வெயிலைத் தாங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேமிங் கணினி வாங்குவது பற்றித் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிறிய கேபினெட் (கணினிப் பாகங்களைப் பூட்டும் பெட்டி) நம் ஊர் வெயிலுக்கு ஒத்துவராது என்றும், ஆசைப்பட்டு வாங்கினால் லிக்விட் கூலரையும் (தண்ணீர் ஓடவிட்டுப் பிராசஸரைக் குளிர்விக்கும் கருவி) சேர்த்தே வாங்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். முதலாவது கருத்து பாதிதான் உண்மை. இரண்டாவது காசுக்குக் கேடு. பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டுகிறவர்கள் உங்கள் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். அடுத்து வரும் வாட் கணக்கை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

கேபினெட்டுக்குள் காற்று எவ்வளவு சூடாகும் என்பதை வீட்டிலேயே கணக்குப் போடலாம். உள்ளே செலவாகும் வாட்டை 1.76 ஆல் பெருக்கி, நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வெளியேறுகிறது என்ற எண்ணால் வகுக்க வேண்டும். அறையைவிட உள்காற்று எத்தனை டிகிரி கூடுதல் என்பது விடை. 300 வாட் கணினியில் 60 கன அடி காற்று உண்மையாகவே வெளியேறினால் சுமார் 9 டிகிரி கூடும். மே மாதத்தில் அறை 35 டிகிரி என்றால் உள்ளே 44. அதே பாகங்களை, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட ஒரு பெரிய கேபினெட்டில் வைத்து, காற்று 25 கன அடியாகக் குறைந்தால் 21 டிகிரி கூடி 56-இல் நிற்கும். இந்தக் கணக்கில் கேபினெட்டின் கொள்ளளவு, அதாவது லிட்டர், எங்கேயும் வரவில்லை. ஃபேன் டப்பாவில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் அப்படியே போட்டுவிடக் கூடாது. அது தடையில்லாத வெளியில் அளந்தது. வலை, தூசி ஃபில்டர், கேபிள் கூட்டம் எல்லாவற்றையும் தாண்டி வரும்போது அதில் பாதி கிடைத்தாலே பெரிது.

இன்னொன்று. இணையத்தில் பார்க்கும் சோதனை முடிவுகள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி அறையில் எடுத்தவை. அங்கே 70 காட்டும் கிராஃபிக்ஸ் கார்டு ஏசி இல்லாத நம் அறையில் 82, 83 காட்டும். கார்டில் கோளாறு எதுவும் இல்லை. இதை முதலிலேயே கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கேபினெட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இப்போது கிடைக்கும் சிறிய கேபினெட்டுகளை மூன்று ரகமாகப் பார்க்கலாம். ஃபிராக்டல் டெர்ரா போன்றவை 10 லிட்டர் அளவு. மதர்போர்டு ஒரு பக்கம், கிராஃபிக்ஸ் கார்டு மறுபக்கம், நடுவில் ஒரு தகடு. தகட்டை ஒரு பக்கம் நகர்த்தினால் கார்டுக்கு இடம் கூடும், பிராசஸர் கூலருக்குக் குறையும். டெர்ராவில் கூலர் உயரம் எந்த நிலையிலும் 77 மி.மீ.-ஐத் தாண்ட முடியாது. பார்க்க அழகு, ஏசி அறைக்குச் சரி. மின்விசிறி மட்டும் ஓடும் அறைக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். அடுத்தது கூலர் மாஸ்டர் என்ஆர்200 ரகம், சுமார் 18 லிட்டர். 155 மி.மீ. உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் டவர் கூலரும் 330 மி.மீ. நீளக் கார்டும் போகும். மூன்றாவது, 2024-இல் வந்த லியான் லி ஏ3. 26.3 லிட்டர், அகலம் 194 மி.மீ., உயரம் 306.5 மி.மீ., ஆழம் 443 மி.மீ. நாலாபுறமும் துளையிட்ட தகடு, 165 மி.மீ. வரை கூலர், 120 மி.மீ. ஃபேன் பத்து வரை பூட்ட இடம். ஆனால் ஒரு ஃபேன்கூடச் சேர்த்துத் தருவதில்லை. அந்தச் செலவைத் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

நம் சூழலுக்கு மூன்றாவது ரகம்தான் என் தேர்வு. காற்றுக்காக மட்டும் அல்ல. இதில் 244 மி.மீ. சதுர மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு போகும். சாதாரண ஏடிஎக்ஸ் அளவு எஸ்எம்பிஎஸ்ஸும் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) போகும். மற்ற இரண்டுக்கும் 170 மி.மீ. சதுர மினி ஐடிஎக்ஸ் போர்டும் எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய அளவு எஸ்எம்பிஎஸ்ஸும் வேண்டும். இரண்டுமே விலை கூடுதல், கடைகளில் கையிருப்பும் குறைவு. ரிச்சி தெருவிலேயே மினி ஐடிஎக்ஸ் போர்டு கேட்டால் சொல்லிவைத்து வரவழைக்க வேண்டியிருக்கலாம்.

பாகங்களை வாட் பார்த்து எடுங்கள். ரைசன் 5 7600 பிராசஸர் பெட்டியில் 65 வாட் என்று இருக்கும். முழுச் சுமையில் 88 வரை இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு 180 வாட். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்தால் 300-ஐ ஒட்டி வரும். இதற்கு 550 அல்லது 650 வாட் எஸ்எம்பிஎஸ் போதும். எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது அதன் முழுத் திறன் எத்தனை டிகிரியில் சொல்லப்பட்டது என்று பாருங்கள். உள்ளே 44 டிகிரி காற்று ஓடும் இடத்தில் 40 டிகிரிக்குச் சொன்னதும் 50 டிகிரிக்குச் சொன்னதும் ஒன்றாகாது.

லிக்விட் கூலர் விஷயத்துக்கு வருகிறேன். 88 வாட் பிராசஸருக்கு இரட்டை டவர் ஏர் கூலர் தாராளம். சிறிய கேபினெட்டில் ரேடியேட்டரை (தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடும் பாகம்) மேலே மாட்டினால், கிராஃபிக்ஸ் கார்டு கக்கிய சூடான காற்றே அதன் வழியாகப் போகும். தண்ணீர் ஓடுகிறது என்பதற்காக அந்தக் காற்று குளிர்ந்துவிடாது. பம்ப் சத்தமும், குழாய் வளைவதற்கான இடமும், சில வருடங்களில் பம்ப் போனால் மொத்தத்தையும் மாற்றும் செலவும் தனி. அப்படியும் போடுகிறவர்கள் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அந்த அமைப்பில் பம்ப் உச்சியான இடமாக இருக்கக் கூடாது. உள்ளே சேரும் காற்றுக்குமிழி பம்புக்கு வந்தால் கடகடவென்று சத்தம் கிளம்பும்.

ஃபேன் மாட்டுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அடியில் இரண்டோ மூன்றோ உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியேற்ற, மேலே பின்மூலையில் ஒன்று வெளியேற்ற, அவ்வளவுதான். மேலே காலி இடம் இருக்கிறதே என்று முன்மூலையிலும் வெளியேற்றும் ஃபேன் மாட்டினால், டவர் கூலருக்குப் போக வேண்டிய குளிர்ந்த காற்றை அது பாதி வழியிலேயே மேலே உறிஞ்சிவிடும். ஃபேன் ஒன்று கூடி, பிராசஸர் சூடும் கூடும். கார்டு தடிமனாக இருந்து அடியில் 25 மி.மீ. ஃபேன் போகாவிட்டால் 15 மி.மீ. மெல்லிய ஃபேன் வாங்குங்கள். கேபினெட்டின் கால்கள் குட்டையாக இருந்தால் இரண்டு மூன்று செ.மீ. உயர ரப்பர் கால் ஒட்டுவது, விலை உயர்ந்த ஃபேனைவிடப் பலன் தரும். 10 லிட்டர் ரகத்தில் குட்டைக் கூலர் போடுகிறவர்கள், ஃபேனுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே விழும் இடைவெளியைச் சுற்றிலும் ஃபோம் பட்டையால் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் கூலர் வெளிக்காற்றை எடுக்காது. தான் விட்ட சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

பூட்டும் வரிசையும் முக்கியம். போர்டை அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து, பிராசஸர், ரேம், எம்.2 எஸ்எஸ்டி, கூலர் ஆகியவற்றை வெளியிலேயே பூட்டுங்கள். கூலர் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தாயிற்றா என்று பாருங்கள்; உரிக்காமல் பூட்டி 95 டிகிரி காட்டுகிறது என்று கடைக்கு எடுத்துவருகிறவர்கள் இன்றும் உண்டு. ரேம் குட்டையாக இருக்கட்டும். அலங்கார விளக்கு வைத்த உயரமான ரேம் மேல் கூலரின் முன் ஃபேனைத் தூக்கி மாட்டினால் கூலர் உயரக் கணக்கு தவறி, பக்கக் கதவு மூடாது. நான்கு ரேம் ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டே ரேம் போடும்போது பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸை இணைத்து வெளியிலேயே ஒருமுறை ஓட விடுங்கள். டிடிஆர்5 ரேம் உள்ள ஏஎம்5 போர்டு (7600 உட்காரும் ரகம்) முதல்முறை ரேமைப் பழக்கிக்கொள்ளப் பல நிமிடம் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். போர்டு செத்துவிட்டது என்று பதறி அணைத்து அணைத்துப் போட்டால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

கேபினெட்டுக்குள் இறக்கும்போது, போர்டின் மேல் மூலையில் இருக்கும் 8 பின் பிராசஸர் மின் கேபிளை முதலில் செருகுங்கள். கூலரும் ஃபேனும் வந்த பிறகு அங்கே விரல் நுழையாது. முன்பக்க யுஎஸ்பி கேபிள் விறைப்பானது; வளைத்து அழுத்தினால் சாக்கெட்டே பெயர்ந்து வரும். எஸ்எம்பிஎஸ் மாற்றுகிறவர்கள் பழைய கேபிள்களை அப்படியே புதியதில் செருகவே கூடாது. செருகும் வாய் ஒன்றுபோல் இருந்தாலும், எஸ்எம்பிஎஸ் பக்கத்து கம்பி வரிசை மாடலுக்கு மாடல் வேறு. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிரைவ்கள் கருகிவிடும்.

கிராஃபிக்ஸ் கார்டில் 16 பின் மின் இணைப்பு இருந்தால் கதவை மூடுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். இணைப்பு இடுக்கில்லாமல் முழுக்க உள்ளே போயிருக்க வேண்டும். அதிலிருந்து 35 மி.மீ. நேராக வந்த பிறகே வளைய வேண்டும். குறுகலான கேபினெட்டில் கதவே அதை அழுத்தும். சரியாகப் பதியாத முனைகளில் தடை கூடி, பிளாஸ்டிக் உருகும். கார்டின் நீளத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் தவறவிடும் அளவு இதுதான். 8 பின் இணைப்புள்ள மாடல் கிடைத்தால் சிறிய கேபினெட்டுக்கு அதை எடுங்கள்.

ரைசர் கேபிள் (கார்டையும் போர்டையும் இணைக்கும் நீட்டிப்பு கேபிள்) உள்ள கேபினெட்டில் வரும் கோளாறு தனி ரகம். கார்டு பிசிஐஇ (கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் வழி) 5-ஆம் தலைமுறை, கேபிள் 4-ஆம் தலைமுறை என்றால் திரை வராமல் போகலாம், விளையாட்டு நடுவில் கறுக்கலாம். பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) அந்த ஸ்லாட்டை 4-க்கோ 3-க்கோ கையால் இறக்கிவைத்தால் சரியாகும். ஆனால் பயாஸைப் பார்க்கத் திரை வேண்டுமே? அதற்காகத்தான் 7500எஃப் போல உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லாத பிராசஸரை இந்த ரகத்தில் தவிர்க்கச் சொல்கிறேன். 7600-இல் மானிட்டரைப் போர்டிலேயே செருகி வேலையை முடித்துவிடலாம்.

விண்டோஸ் போட்ட பிறகு இரண்டு மாற்றங்கள். கார்டின் பவர் லிமிட்டை (அது இழுக்கும் உச்ச வாட்டை) கார்டு அனுமதிக்கும் அளவுக்கு இறக்குங்கள். சூடு குறையும், ஆட்டத்தில் குறையும் வேகம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. அடுத்து, கேபினெட் ஃபேன்கள் வழக்கமாகப் பிராசஸர் வெப்பத்தைப் பார்த்துத்தான் ஓடும். கேமில் சூட்டில் பெரும்பங்கு கிராஃபிக்ஸ் கார்டுடையது. ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் அடி ஃபேன்களைக் கார்டு வெப்பத்தோடு கட்டிவிட்டு, வேகம் மாற 4, 5 விநாடி தாமதமும் வைத்தால் ஃபேன்கள் ஏறி இறங்கி இரைவதும் நிற்கும்.

பிறகு கதவை மூடி, அரை மணி நேரம் கனமான கேம் ஓடவிட்டு வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கதவைக் கழற்றி மறுபடி ஓட்டுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 3, 4 டிகிரிக்குள் என்றால் காற்று வழி நன்றாக இருக்கிறது. 10 டிகிரி என்றால் ஃபேன் திசையிலோ ஃபில்டரிலோ தவறு இருக்கிறது. புது கூலர் வாங்கிப் பயனில்லை.

எங்கே வைக்கிறோம் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. நம் வீட்டுக் கணினி மேசைகளில் சிபியு வைக்க என்றே பின்பக்கம் மூடிய ஒரு அறை இருக்கும். அதில் வைத்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. வெளியேறிய காற்றே சுற்றிச்சுற்றி உள்ளே வரும். மேசை மேல், சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி வையுங்கள். துளைத் தகடுகளில் தூசியோடு எறும்பும் குட்டிப் பல்லியும் நுழையும் என்பதால் எஸ்எம்பிஎஸ் பக்கமாவது வலை ஃபில்டர் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறான வேகத்தில் சுற்றவிட்டால் பேரிங் தேயும்.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது என்ற புகார் உலோகக் கேபினெட்டில் அடிக்கடி வரும். வீட்டு வயரிங்கில் எர்த் இல்லை என்பதே காரணம். எஸ்எம்பிஎஸ்ஸின் இரைச்சல் வடிகட்டிக் கெபாசிட்டர்களிலிருந்து கசியும் சிறு மின்சாரம் எர்த்துக்குப் போக வழியில்லாமல் கேபினெட்டின் உலோகத்தில் நிற்கிறது. கேபினெட்டை மாற்றித் தீராது. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் போடச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகுவதை நிறுத்துங்கள்.

தங்கள் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இனி கணினி மதிப்பீடு வெளியிடும்போது சோதித்த அறையின் வெப்பம், முழுச் சுமை வாட், கதவு மூடியிருந்ததா திறந்திருந்ததா என்ற மூன்றையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்க்கும் ஒரு வாசகர்,
சென்னை