மிஷின் காசு விசயமா அப்பா எழுதுறது

மனே,

உன்ட வொய்ஸ் மெசேஜ் ரெண்டையும் நானும் அம்மாவும் கேட்டம். பதிலும் வொய்ஸ்ல சொல்லிரிக்கலாம், ஆனா எனக்கு எழுதினாத்தான் கோர்வையா வரும். நீங்க கார்டிஃப் பொடியன்மார் எல்லாரும் சேர்ந்து நம்மட கடதாசிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு, கடதாசிக்குக் கூழடிக்கிற மிஷின் வாங்கித் தாறம் எண்டது சந்தோசம். ஆனா ட்ரஸ்ட் ஒண்டு போட்டு நீங்க டைரக்டர்மாரா இருந்து நடத்துறம் எண்டியே, அது வேணாம். காசு வேணாம் எண்டு சொல்லல்ல, கடனாத் தாங்க, திருப்பித் தருவம்.

கோவிக்காம கேளு. சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில எத்தின போட், எத்தின தையல் மிஷின், எத்தின மா அரைக்கிற மிஷின் குடுத்தாங்க, ப்ரொஜெக்ட் முடிய அவங்க போயிட்டாங்க, மிஷின் பழுதானா ஆர் செய்யிற எண்டு ஆருக்கும் தெரியாது. குடுத்தவன்ட சாமான் எண்டுதான் சனம் பாத்திச்சு, தன்ட சாமான் எண்டு பாக்கல்ல.

நான் வேலை செய்த வாழைச்சேனை பேப்பர் மில்லும் அப்பிடித்தானே. ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் மந்திரியா இரிந்த காலத்துக் கதை அது, காங்கேசன்துறைக்கு சீமெந்து, பரந்தனுக்கு கெமிக்கல், வாழைச்சேனைக்கு கடதாசி எண்டு. வைக்கோல் லொறி வரிசையா நிக்கும், நாத்தம் ஆத்தங்கரை வரைக்கும் அடிக்கும், ஆனா அந்த நாத்தத்திலதான் ஊரே சோறு திண்டது. அரசாங்கத்தின்ட மில் எண்டபடியா எந்த மிஷினை மாத்துற, எதை மூடுற எண்டு கொழும்பிலதான் முடிவு, யுத்தம் வேற, கடைசியில நாங்க வீட்டுக்கு வந்ததுதான் மிச்சம். 2022 மார்ச்சில கடதாசி இல்லாம மேல் மாகாணத்தில தவணைப் பரீட்சைய தள்ளிப் போட்டாங்களே, அந்த நியூஸைக் கேட்டு எனக்கு சிரிக்கிறதா அழுறதா எண்டு தெரியல்ல.

இப்ப நாங்க செய்யிறது சின்ன வேலைதான், கையால ஊத்துற கடதாசி, பைல் கவர், கடைக்குப் பை. வைக்கோல் மட்டும் போட்டா சரிவராது, அதின்ட நார் நீளம் குறைவு, மடிச்சா வெடிக்கும், அதில மண்சத்தும் கூட, தண்ணி வடியாது. அதுதான் கந்தோர்ப் பழைய பேப்பரும், காத்தான்குடி மருதமுனைத் தறிகள்ல மிஞ்சிற பருத்தித் துண்டும் கலக்கிற. பொலியெஸ்டர் ஒரு நூல் வந்தாலும் கூழாகாது, புள்ளைகள் இருந்து பொறுக்கி எடுக்கிறாங்க. அதில ஒரு புள்ள குவைத்துக்குப் போக பாஸ்போட்டும் எடுத்து வச்சிருந்தவ, போகல்ல. இன்னொருத்தி கிழமைக் கடன்காரனுக்கு பயந்து பின்கதவால ஓடினவ, இப்ப கணக்குப் புத்தகம் அவளிட்டத்தான், அவளை ஏமாத்த ஏலா.

நம்மட உபவிதியில சங்க எல்லைக்குள்ள இரிக்கிறவங்கதான் அங்கத்தவர், ஆர் எத்தின பங்கு போட்டாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. நீ என்ட மகன் எண்டாலும் வெளியில இரிக்கிறாய், உனக்கு வாக்கு இல்ல. உனக்கு வாக்கு வேணும் எண்டு நான் கேட்டா அந்தப் புள்ளைகள் என்னை என்னெண்டு நினைப்பாங்க?

நீ இரிக்கிற வேல்ஸ்லயே ஒரு கதை கிடக்கு. ஹிர்வோன் எண்ட ஊர்ல டவர் கொலியரி எண்டு ஒரு நிலக்கரிச் சுரங்கம், கார்டிஃப்ல இருந்து ஒரு மணித்தியாலமும் இல்ல. 1994ல லாபமில்ல எண்டு அரசாங்கம் மூடிச்சு. 239 தொழிலாளிகள், வேலை போனதுக்குக் கிடைச்ச காசில ஆளுக்கு 8,000 பவுண் போட்டு தாங்களே வாங்கி, 1995 ஜனவரியில திறந்து, 2008 வரைக்கும் நடத்தினாங்க. நிலக்கரி முடிஞ்சபடியாத்தான் மூடின, நட்டத்தில இல்ல. லாபமில்ல எண்டு மூடின அதே சுரங்கம்தான்! தலையில துண்டு போட்டு அழ வேண்டிய காசை எடுத்து அவங்க திரும்ப அதுக்குள்ளயே போட்டிரிக்காங்க, அந்தத் துணிவு எங்களுக்கு அப்ப வரல்ல, வந்தாலும் நம்மளுக்கு ஆரு மில்லை வித்திரிப்பான்.

ஆனபடியா மனே, கடன் பத்திரம் ஒண்டு எழுதி அனுப்பு, வட்டி என்ன, எப்ப கட்டத் தொடங்கிற எண்டு தெளிவா. பொதுச்சபையில வாசிப்பம், வேணாம் எண்டு கைதூக்கினாலும் நீ மனம் நோகக் கூடாது. காசு என்ட அக்கவுண்டுக்குப் போட்டிராத, சங்கத்தின்ட அக்கவுண்டுக்குத்தான்.

மறுகா, ஹிர்வோன் பக்கம் போனா அங்க வேலை செய்த ஆரும் மனிசரைக் கண்டா ஒண்டு கேட்டுச் சொல்லு, விலகிப் போறவங்களுக்குப் பங்குக் காசை எப்பிடித் திருப்பிக் குடுத்தாங்க எண்டு. நம்மட புள்ள ஒண்டு கலியாணம் கட்டி அக்கரைப்பற்றுக்குப் போறா, காசை முழுக்கக் கேக்கிறா, கைவசம் அவ்வளவு இல்ல, போன கூட்டத்தில பெரிய வாக்குவாதம். அடுத்த கூட்டத்துக்கு முன்ன தெரிஞ்சா நல்லம்.

அப்பா