ரவாங் வயரிங்காரர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் நன்றி

மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்து ரவாங் வட்டாரத்தில் மின்சார வேலையின் பழைய கதையைத் திரட்ட உதவிய எல்லாருக்கும் வணக்கம். "பேரெல்லாம் போடாதே தம்பி" என்று பலர் சொல்லிவிட்டீர்கள். சரி, பெயர் இல்லாமலே எழுதுகிறேன்.

1894இல் லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு ஜெனரேட்டர் வைத்தது இந்த ரவாங்கில்தான். பத்துமலைக் கோயிலுக்காகப் பிள்ளையை நினைக்கிற நாம் இதற்காக நினைப்பதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் சுரங்கத்துக்கு வந்த மின்சாரம் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு வர எத்தனையோ காலம் ஆனது. அந்தக் காலத்தைச் சொல்ல உங்களை விட்டால் ஆளில்லை.

தோட்டத்து ஆலையில் என்ஜின் ஓட்டிய ஐயாவுக்கு முதல் நன்றி. பொழுது சாய்ந்ததும் ஜெனரேட்டரைப் போட்டு இரவு பத்துக்கு நிறுத்துவதையும், கல்யாண வீடு என்றால் தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் கேட்டுக் கூடுதல் நேரம் ஓட்டுவதையும் அவர்தான் சொன்னார்.

அப்புறம், கணவரின் டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டிய அக்கா. பீங்கான் ஃபியூஸ், மரச்சட்டத்தில் அடிக்கும் தகரக் கிளிப், ரப்பர் உறை போட்ட கேபிள் எல்லாம் அதில் அப்படியே இருந்தன. பிவிசி பரவுவதற்கு முன் செம்புக் கம்பிக்கு ரப்பர்தான் காப்பு. நம் ஆட்கள் வெட்டிய ரப்பர் பால் சீமைக்குக் கப்பலேறி, கேபிளாகத் திரும்பி, துரை பங்களாவுக்குத்தான் முதலில் போனது. அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்ல அப்ப மண்ணெண்ணெய் விளக்கு."

சாமான் கடைத் தவுக்கேயின் (சீன முதலாளியின்) மகன் கடன் கணக்குப் புத்தகங்களையே நம்பிக் கொடுத்தார். குத்தகை ஒருவர் பெயரில், வயர் இழுத்தது இன்னொருவர் என்பது அதில் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. பல நல்ல வயர்மேன்களுக்கு லைசென்ஸ் கடைசிவரை கிடைக்கவில்லை.

1949இல் மத்திய மின்சார வாரியம், 1965இல் எல்எல்என் என்ற தேசிய மின்சார வாரியம், 1990இல் தெனாகா நேஷனல் நிறுவனம் என்று பலகை மாறியதையும், 1994 விதிமுறைகளில் வேலை முடிந்ததற்குப் போராங் (படிவம்) ஜி, சோதனைக்குப் போராங் எச் என்று வந்ததையும் பொறுமையாக விளக்கிய ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர் அண்ணனுக்கும் நன்றி.

கணக்குப் புத்தகங்களைப் படம் எடுத்து முடித்ததும் திருப்பித் தந்துவிடுவேன். எல்எல்என் காலத்து வயர்மேன் லைசென்ஸ் யாரிடமாவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள், நானே வீட்டுக்கு வந்து படம் எடுத்துக்கொள்கிறேன்.