வேலிக்கு முன் பட்டறை: மாவட்ட அபிவிருத்திக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

திருகோணமலையில் கைத்தொழில் வலயம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் விரிவது வரைபடம்தான். எத்தனை ஏக்கர், வேலி எங்கே, வாசல் எந்தப் பக்கம் என்று பேசுகிறோம். துறைமுகம் உண்டு, சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் உண்டு, முதலீடு தானாக வரும் என்று நம்புகிறோம். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

கச்சான் காற்று தொடங்கிய சமயம் மச்சானின் படகு எஞ்சினில், சுழலும் தண்டைத் தாங்கும் பித்தளைக் குழாய்த் துண்டான புஷ் ஒன்று தேய்ந்துவிட்டது. புதியது கொழும்பிலிருந்து வர மூன்று நாளாகும். கிண்ணியாவில் ஒரு லேத் (உலோகம் கடையும் இயந்திரம்) பட்டறைக்குப் போனோம். பட்டறைக்கார நானா (முஸ்லிம் அண்ணரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) தேய்ந்த துண்டின் உட்புறத்தை விரலால் தடவினார், இரண்டு முறை அளந்தார், பழைய பித்தளைத் தண்டொன்றை லேத்தில் பூட்டினார். முக்கால் மணி நேரத்தில் புஷ் சூடாகக் கைக்கு வந்தது. உள்ளே எண்ணெய் ஓட மெல்லிய காடி, அதாவது பள்ளக்கோடு, ஒன்றும் வெட்டியிருந்தார். "கொம்பனிச் சாமானில் இது இல்லை, அதனால்தான் கெதியாகத் தேய்கிறது."

"இதற்குப் படம் வரைந்து வைத்திருக்கிறீர்களா, நானா?"

"வரைய யார் இருக்கிறார்கள், தம்பி?"

இதே மாவட்டத்தில், கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. கணினி விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் காடியைப் பற்றித் தெரியாது.

சிவகாசியைப் பாருங்கள். 1920களில் இருவர் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபல் தேவைப்பட்டது, அச்சகம் வந்தது. இரசாயனம் கையாளத் தெரிந்திருந்தது, பட்டாசு வந்தது. அச்சகம் இருந்ததால் நாட்காட்டியும் வந்தது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் 1950களில் தன் காணியை நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டபோதும், படித்தவரும் செய்பவரும் அருகருகே இருந்ததுதான் பலன் தந்தது.

நாமோ இதே மாவட்டத்துப் புல்மோட்டைக் கரையின் இல்மனைட் என்ற கனிம மணலைப் பல பத்தாண்டுகளாக அப்படியே கப்பலேற்றுகிறோம். வெள்ளை வர்ணப்பூச்சுக்கான டைட்டேனியம் டைஒக்சைட்டை அதிலிருந்து எடுப்பது வேறு நாட்டார். மணலோடு தொழிலறிவும் கையைவிட்டுப் போகிறது. நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

பெரிய ஆலைகள் வரட்டும். ஆனால் ஒரு பாகம் உடைந்தால் கொழும்புக்கு ஓடவேண்டிய ஊரில் எந்த ஆலையும் வேர்விடாது. ஆகவே வலயத்துக்கு ஒதுக்கும் பணத்தில் சிறு பங்கை எடுத்து, துறைமுகத்தை அண்டி ஒரு பொதுப் பட்டறை அமையுங்கள். கணினியில் இயங்கும் லேத் ஒன்றும், உப்புக்காற்றில் உலோகம் அரிப்பதைச் சோதிக்க ஒரு சிறு ஆய்வுகூடமும் போதும். கிண்ணியா, மூதூர், கொட்பே பட்டறைக்காரர்கள் நாள் வாடகைக்கு வந்து வேலை செய்யட்டும். இறுதியாண்டு மாணவர்களை அங்கே அனுப்புவது பற்றி வளாகத்தாரோடு பேசுங்கள்.

அடுத்த திட்டக் கூட்டத்துக்கு அந்த நானாவைப் போன்ற நான்கு பேரையாவது அழையுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், படகுகள் கரைக்கு வரும் காலைநேரமும் வேண்டாம். பின்னேரம் நான்கு மணி என்றால் பட்டறையைப் பூட்டிவிட்டு வருவார்கள்.

இப்படிக்கு,
உட்துறைமுக வீதிவாசி ஒருவர்