லெ மான் தகுதிச்சுற்று: ஜன்னலோர இருக்கை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி 991 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்த பிறகு, நீண்ட நேரக் கார் பந்தயங்களுக்கு விளையாட்டுப் பக்கத்தில் கொஞ்சம் இடம் கிடைத்துவருகிறது. நல்ல விஷயம். ஆனால் புறப்படும் வரிசையை முடிவுசெய்யும் தகுதிச்சுற்று என்றால் ‘முதலிடம் இன்னாருக்கு’ என்ற ஒற்றை வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. ஏதாவது ஓர் அணியின் ஹாஸ்பிடாலிட்டி (விருந்தினர்) மாடத்தில் உட்கார்ந்து இதை நேரில் பார்க்க ஆசைப்படும் வாசகர்களுக்கு அது போதாது. பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை உதாரணமாக வைத்துச் சிலவற்றைச் சொல்கிறேன்.

அங்கே ஒரு சுற்று 13.626 கி.மீ. சென்னைக்கு அருகே உள்ள நம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தை மூன்றரை முறைக்கு மேல் சுற்றுவதற்குச் சமம். டயர் மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் கார்கள் வந்து நிற்கும் பிட் கட்டடத்தின் மேல்தளத்தில் இருப்பவருக்குத் தெரிவது நேர்ப்பாதையும் பிட் பாதையும்தான். கார் சில வினாடிகள் கண்ணில் படும். அடுத்து மூன்றேகால் நிமிடத்துக்கு மேல் கழித்துத்தான் அதே கார் வரும். வந்தவர்கள் எல்லோரும் ஜன்னலோரத்துக்கு முண்டியடிப்பார்கள். நீங்கள் நேரப் பட்டியல் ஓடும் திரைக்கு எதிரே இடம் பிடியுங்கள்.

திரையில் ஒவ்வொரு சுற்றும் மூன்று பகுதிகளாகப் பிரிந்து வரும். ஊதா என்றால் அந்தப் பகுதியில் அதுவரை யாரும் எடுக்காத சிறந்த நேரம். பச்சை, அந்தக் காரின் சொந்தச் சிறந்த நேரம். மஞ்சள், முன்னேற்றம் இல்லை. இரண்டு ஊதாவுக்குப் பிறகு மஞ்சள் வந்தால், போர்ஷே வளைவுகள் உள்ள கடைசிப் பகுதியில் மெதுவான காரிடம் மாட்டிக்கொண்டார் அல்லது தவறு செய்தார் என்று ஊகிக்கலாம். நேரம் வந்துவிட்டது என்று உடனே கைதட்டிவிடவும் கூடாது. நான்கு சக்கரமும் வெள்ளைக் கோட்டைத் தாண்டியிருந்தால் அந்தச் சுற்றை நீக்கிவிடுவார்கள். அந்த அறிவிப்பு சற்றுத் தாமதமாகவே வரும்.

புதிதாகப் பார்ப்பவர்களைக் குழப்புவது டயர்தான். லெ மானும் இடம்பெறும் உலக நீண்ட நேரப் பந்தயத் தொடரில் டயரை முன்கூட்டியே சூடாக்கும் போர்வைகளுக்குத் தடை. 2023 லெ மானுக்கு மட்டும் விலக்கு தந்தார்கள், 2024-இல் அதுவும் போய்விட்டது. ஆகவே கார் குளிர்ந்த டயரோடுதான் வெளியே போகிறது. அவசரப்பட்டால் முதல் சில வளைவுகளிலேயே சுழன்றுவிடும். ரொம்பவும் பொத்திப் பொத்தி ஓட்டினால் டயர் சூடு ஏறாது, பிடிப்பும் வராது. முதல் பகுதி நேரம் படுமோசமாக இருக்கும் காரைத் தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள், அது இன்னும் டயரைத் தயார்செய்துகொண்டிருக்கலாம்.

இதோடு நேரக் கணக்கையும் சேருங்கள். 2025 முறைப்படி, அதிவேகக் கார்கள் ஓடும் ஹைப்பர்கார் பிரிவில் புதன்கிழமை 21 கார்களில் 15 தேறின. வியாழக்கிழமை ஹைப்பர்போல் எனப்படும் இறுதித் தகுதிச்சுற்றின் முதல் கட்டம் 20 நிமிடம். அதில் தேறிய 10 கார்களுக்கு இறுதிக் கட்டம் 15 நிமிடம். போல் எனப்படும் முதலிடத்தை எடுத்த கேடிலாக்கின் அலெக்ஸ் லின்னுக்கு ஒரு சுற்றுக்கு 3 நிமிடம் 23.166 வினாடி ஆனது. பிட்டிலிருந்து வெளியேறும் சுற்றைக் கழித்தால் இறுதிக் கட்டத்தில் முழு வேகத்தில் ஓட மிஞ்சுவது மூன்று, மிஞ்சினால் நான்கு சுற்று. டயர் பிடிப்புக்கு வர இன்னொரு சுற்று தேவைப்பட்டால் அதிலும் ஒன்று குறையும். நடுவில் ஓட்டத்தை நிறுத்தும் சிவப்புக் கொடி விழுந்தால் அதுவும் கெட்டுப்போகும்.

மாடத்திலிருந்து ஒன்றை மட்டும் தொலைக்காட்சியைவிட நன்றாகப் பார்க்கலாம்: யார் எப்போது வெளியே போகிறார் என்பதை. விளக்கு பச்சைக்கு மாறும் முன்பே பிட் வாசலில் வரிசை கட்டுபவர்களும் உண்டு, காரை உள்ளேயே வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களும் உண்டு. 21 கார்களையும் சீராகப் பரப்பினாலும் இடைவெளி 650 மீட்டர்தான். நடைமுறையில் அவை கொத்துக் கொத்தாகத்தான் ஓடும். ஹூனோதியேர் நீள்பாதையில் முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துத் தருவது லாபம். அதே கார் போர்ஷே வளைவுகளிலும் மூக்குக்கு முன்னால் இருந்தால், கலங்கிய காற்றில் பிடிப்பு குறைந்துவிடும். கார் திரும்பி வந்ததும் டயர் மாற்றி அனுப்புகிறார்களா, கொட்டகைக்குள் தள்ளிவிடுகிறார்களா என்று கவனியுங்கள். தள்ளிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது என்று பெரும்பாலும் பொருள்.

தகுதிச்சுற்றில் பின்தங்கினால் கதை முடிந்தது என்று எழுதுவதும் சரியில்லை. 2024-இல் டொயோட்டாவின் 7-ஆம் எண் காரில் காமுய் கோபயாஷி கடைசி நேரத்தில் சுழன்று சிவப்புக் கொடிக்குக் காரணமானார். விதிப்படி அவருடைய நேரங்கள் நீக்கப்பட்டன. 23-ஆம் இடத்திலிருந்து புறப்பட்ட கார் இரண்டாவதாக முடித்தது. 2025-இல் போர்ஷேயின் 6-ஆம் எண் கார் எடை குறைந்ததால் தகுதிச்சுற்று முடிவிலிருந்து நீக்கப்பட்டு, 21-ஆம் இடத்திலிருந்து புறப்பட்டது. அதுவும் இரண்டாவது. இரண்டு ஆண்டும் வென்ற காருக்கும் இவற்றுக்கும் இடைவெளி ஏறத்தாழ 14 வினாடி! பிறகு எதற்குத் தகுதிச்சுற்று என்று கேட்கலாம். என் கணிப்பில், குளிர்ந்த டயரை எந்தக் கார் சீக்கிரம் வசப்படுத்துகிறது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. அதிகாலைக் குளிரில் பிட்டிலிருந்து கிளம்பும்போது அந்தக் குணம் உதவும். வேகத்தை வேண்டுமென்றே ஒளித்துவைக்கிறார்கள் என்ற பேச்சும் ஆண்டுதோறும் உண்டு. விருந்து மேசையில் எந்தப் பொறியாளரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார், கேட்டுப் பயனில்லை.

காதடைப்பான் கட்டாயம். முதலில் ஒரு நிமிடம் அதை எடுத்துவிட்டுக் கேளுங்கள்: கேடிலாக்கின் 5.5 லிட்டர் வி8, ஆஸ்டன் மார்ட்டின் வால்கிரியின் 6.5 லிட்டர் வி12, ஃபெராரியின் 3 லிட்டர் டர்போ வி6 மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்லலாம். கார்க் கதவில் எண் எழுதிய பட்டையின் நிறத்தில் பிரிவு தெரியும்: ஹைப்பர்காருக்குச் சிவப்பு, அடுத்த நிலைப் பந்தயக் கார்களான எல்.எம்.பி.2-க்கு நீலம், சாலைக் கார்களிலிருந்து உருவான எல்.எம்.ஜி.டி.3-க்கு ஆரஞ்சு. பிட் பக்கம் அழைத்துப்போனால் விரல்கள் மூடிய காலணி அணியுங்கள், அடிப்பகுதியையும் பிரேக்கையும் படமெடுக்காதீர்கள், சுவரில் ஏறாதீர்கள். 2009 லெ மானில் நம் நரேன் கார்த்திகேயன் பந்தயம் தொடங்கும் முன் பிட் சுவரிலிருந்து குதித்துத் தோள்மூட்டு விலகியதால், கோலஸ் அணியின் ஆடி காரை அவருடைய இரு கூட்டாளிகளே ஓட்டி ஏழாவதாக முடித்தார்கள். லெ மானை முடித்த முதல் இந்தியர் என்ற பெயர் 2012-இல் ஆறாவதாக வந்த கருண் சந்தோக்குக்குப் போனது.

போல் முடிவானதும் சாப்பிட்டுவிட்டு விடுதிக்குக் கிளம்பிவிடுவது வழக்கம். அதன் பிறகு இருட்டில் நடக்கும் பயிற்சியையும் பாருங்கள். எந்த ஓட்டுநர் இரவில் நிதானமாக ஓடுகிறார் என்பது அங்கேதான் தெரியும்.

ஆசிரியருக்கு ஒரு கோரிக்கை. வியாழன் மாலை ஹைப்பர்போல் முடியும்போது இங்கே நள்ளிரவு தாண்டி வெள்ளி பிறந்திருக்கும், அன்று காலைப் பதிப்பில் வராததில் குறை சொல்ல முடியாது. பந்தயமோ சனிக்கிழமை நம் நேரம் இரவு 7.30-க்குத்தான் தொடங்குகிறது. சனிக்கிழமைப் பதிப்பில் மூன்று பிரிவுகளின் வரிசையையும் தனித்தனியாக, நீக்கப்பட்ட சுற்றுகளையும் அவற்றின் காரணத்தையும் சேர்த்து வெளியிடுங்கள். அரைப் பத்தி இடம் போதும்.

— வாசகர், கோயம்புத்தூர்